பெட்டியைப் பிரித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மருந்துக்கடை நடத்துபவர்களுக்கும், கவுன்ட்டரில் நிற்கும் மருந்தாளுநர்களுக்கும், அவர்களுடைய சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு 67 வயது. ஈரோட்டுப் பக்கம் தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரில் 26 வருடம் இட்லிக் கடை போட்டவர். விடிகாலை மூன்றரைக்கு விறகடுப்பு மூட்டினால் பத்து மணிக்குத்தான் அணைப்பார். பீடி, சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் நெஞ்சு மருத்துவர் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, “எத்தனை வருஷம் அடுப்பு ஊதினீங்கம்மா?” என்றுதான் முதலில் கேட்டார். சி.ஓ.பி.டி. என்றார். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிப்போகும் நோய். புகை பிடிக்கிறவர்களுக்கு மட்டும் வருவது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். விறகுப் புகையிலேயே வெந்த பெண்களுக்கும் அது வரும்.

எழுதிக்கொடுத்தது ஒரு கூட்டு இன்ஹேலர். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்மெட்டராலும், வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டான புளூட்டிகசோனும் சேர்ந்த பம்ப். காலையில் இரண்டு அடி, ராத்திரி இரண்டு அடி. ஐந்தாறு மாதம் நன்றாகத்தான் போனது.

அப்புறம் ஒரு மாதம் வழக்கமாக வாங்கும் கடையில் அந்தப் பம்ப் ஸ்டாக் இல்லை. கவுன்ட்டரில் நின்ற பையன் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறான். “அதே மருந்துதானுங்கம்மா, கம்பெனி மட்டும் வேற.” அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதே இரண்டு மருந்துகள்தான் அதிலும். ஆனால் அது ரோட்டாகேப். கருவியில் போட்டு, திருகி உடைத்து, உள்ளே இருக்கிற பொடியை வாயால் இழுக்க வேண்டிய கேப்சூல். டப்பாவைக் கொடுத்தவன் கருவியைக் கொடுக்கவில்லை, உங்களிடம் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

அம்மா என்ன செய்வார்? பார்ப்பதற்குச் சாதாரண கேப்சூல். பிரஷர் மாத்திரையோடு சேர்த்துக் காலையும் ராத்திரியும் வெந்நீரில் முழுங்கிவிட்டார். பதினொரு நாள். விழுங்கக் கூடாது என்று டப்பாவில் ஆங்கிலத்தில் இருந்தது, எறும்பு சைஸ் எழுத்தில். பன்னிரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, வார்த்தை வராமல் கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டார். ஆட்டோ பிடித்து ஓடினோம். நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, விடிகிறபோதுதான் நிதானத்துக்கு வந்தார். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்ட டியூட்டி டாக்டரிடம் டப்பாவை நீட்டினார். “இதை எப்படி எடுத்துக்கிட்டீங்க?” அம்மா தயங்காமல் சொன்னார்: “மருந்துன்னா முழுங்கறதுதானுங்களே, சாமி.”

விழுங்கினால் விஷமில்லை. வயிற்றுக்குள் போகிற புளூட்டிகசோனில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. பிரச்சினையே அதுதான். பதினொரு நாளும் மருந்து சாப்பிட்டுக்கொண்டே மருந்தில்லாமல் இருந்திருக்கிறார்.

கோபத்தோடு அந்தக் கடைக்குப் போனேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மருந்தாளுநர் சான்றிதழ் தொங்கியது. அதில் பெயர் இருந்தவர் கடையில் இல்லை. பையன் பன்னிரண்டாவது முடித்தவன், கைகட்டி நின்றான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று திரும்பிவிட்டேன். 1948-ஆம் வருடத்து பார்மசி சட்டமே, பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வை இல்லாமல் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது. 2015-இல் வந்த மருந்தாளுநர் பணி விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், மருந்தை எப்படி எடுப்பது, எப்படி வைத்துக்கொள்வது, என்ன பக்கவிளைவு வரலாம் என்று நோயாளியிடம் பேச வேண்டியது மருந்தாளுநரின் வேலை என்று எழுதிவைத்திருக்கிறது. எனவே நான் கேட்கப்போவது சலுகை இல்லை.

கேட்பது ஒன்றுதான். இன்ஹேலர் வாங்க வருகிறவரிடம் பெட்டியை அப்படியே தள்ளிவிடாதீர்கள். பிரித்து, “எங்கே, எப்படி அடிக்கிறீங்கன்னு காட்டுங்க” என்று கேளுங்கள். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். நீங்கள் மாதாமாதம் பார்க்கிறீர்கள்.

கேட்டுப் பாருங்கள், திகைத்துப்போவீர்கள். என் கதையையே சொல்கிறேன். அம்மாவுக்குப் பம்ப் அடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான், தப்பாகத்தான் கற்றுக்கொடுத்தேன். கரப்பானுக்கு மருந்து அடிக்கிற மாதிரி வாயைத் திறந்து முதலில் ஓர் அழுத்து, அப்புறம் ஒரு இழுப்பு. வாயோரத்தில் புகை மாதிரி கசியும். மருந்து நன்றாக வருகிறது என்று இருவருக்கும் திருப்தி. கசிந்த அத்தனையும் நெஞ்சுக்குப் போயிருக்க வேண்டிய மருந்து என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மருத்துவமனையில் ஒரு நர்ஸ் பத்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தார். பம்பை நன்றாகக் குலுக்க வேண்டும். உள்ளே இருக்கிற மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஓர் அழுத்து, அழுத்திய பிறகும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். அடுத்த அடிக்கு அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்க வேண்டும்.

பொடிக் கருவியென்றால் இழுக்கிற விதமே தலைகீழ். அதை மெதுவாக இழுத்தால் பொடி கருவியிலேயே தங்கிவிடும். வேகமாக, ஆழமாக, ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். இழுக்கும் முன் கருவிக்குள் ஊதிவிடக் கூடாது, ஈரம் பட்டுப் பொடி கட்டிக்கொள்ளும். பம்பிலிருந்து பொடிக்கு மாற்றினால் நோயாளி பழகிய மூச்சே மாற வேண்டும். ஆகவே ஸ்டாக் இல்லையென்றால் “நாளைக்கு வாங்க” என்று சொல்லுங்கள், இல்லையென்றால் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். ஸ்டீராய்டு அளவு 125 என்று எழுதிய பம்புக்குப் பதில் 250 கொடுப்பதும் அப்படித்தான். மருந்தின் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே ஸ்டீராய்டு இரண்டு மடங்கு இருக்கும்.

பலருக்குக் கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒன்றுசேராது. வயதானவர்களுக்கு இன்னும் கஷ்டம். அதற்குத்தான் ஸ்பேசர், பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டுகிற பிளாஸ்டிக் குழல். சில நூறு ரூபாய்தான். அது இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடுகிறது. அம்மா கடைப் பாத்திரம் துலக்கிய பழக்கத்தில் அதையும் துணியால் பளபளவென்று துடைத்துவைத்தார். கூடாதாம். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துளிகள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி, தானாகக் காயவிட வேண்டும்.

அடித்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் சொல்லாமல் விட்டால் என்ன ஆகிறது தெரியுமா? அம்மாவுக்கு நாக்கில் மாவு பூசிய மாதிரி வெள்ளை படிந்து, ரசம்கூடக் காந்தியது, குரல் கம்மியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே நிறுத்திவிட்டார். தொண்டையில் தங்கிய ஸ்டீராய்டால் வந்த பூஞ்சைதான் அது. ஒரு வாய்த் தண்ணீரில் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

இன்னொன்று, பம்ப் தீர்ந்துபோவது. 120 அடி உள்ள பம்ப், நாளைக்கு நான்கு அடி வீதம் சரியாக 30 நாள் வரும். அதற்கப்புறமும் அழுத்தினால் புஸ்ஸென்று ஏதோ வரும், அதில் மருந்து சரியான அளவில் இருக்காது. குலுக்கிப் பார்ப்பதும், தண்ணீரில் மிதக்கிறதா என்று போட்டுப் பார்ப்பதும் நம்பக்கூடிய சோதனைகள் இல்லை. எண் காட்டும் பம்ப் என்றால் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் மார்க்கரால் பெட்டி மேல் தேதி எழுதிக் கொடுங்கள்.

கடையில் நீங்கள் தினமும் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: “பம்ப் அடிச்சா பழகிடும்ங்க, மூச்சுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க.” செட் கட்டிக் கொடுக்கும்போது அதில் என்ன போகிறது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. பம்பில் உள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு, ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். மாத்திரையில் இருப்பதோ மில்லிகிராம் கணக்கு, உடம்பு முழுக்கச் சுற்றுவது. பம்புக்குப் பயந்து மாத்திரையை வாங்கிப் போகிறவரிடம் இந்தக் கணக்கை ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்.

நீல நிறத்தில் வருகிற சால்பூட்டமால் பம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடித்த சில நிமிடத்தில் மூச்சு விடுகிறது, அதனால் அதுதான் நல்ல மருந்து என்று ஜனங்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அது குழாயை விரிக்கும், உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது. அதை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019-இலேயே சொல்லிவிட்டது. மாதம் இரண்டு நீலப் பம்ப் வாங்குகிற ஆள் உங்கள் கடைக்கு நல்ல வாடிக்கையாளராக இருக்கலாம். ஆனால் அவர் நோய் கட்டுக்குள் இல்லை. அவரை டாக்டரிடம் தள்ளிவிடக்கூடிய முதல் ஆள் நீங்கள்தான்.

கூட்டு மருந்து கூட்டாகவே வருவதற்கும் காரணம் இருக்கிறது. சால்மெட்டராலை ஆஸ்துமாக்காரர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஸ்மார்ட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டதில், ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெட்டரால் பக்கம் 13 பேர், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலிப் பம்ப் பெற்றவர்கள் பக்கம் 3 பேர். ஸ்டீராய்டு துணையில்லாமல் ஆஸ்துமாவுக்கு அதைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்ற பாடம் அப்படித்தான் உறுதியானது. மூச்சுத் திணறும்போது எந்தக் கூட்டுப் பம்பையும் எடுத்து அடிக்கலாம் என்றும் இல்லை. பார்மோட்டரால் என்ற இன்னொரு குழாய் விரிப்பு மருந்து சேர்ந்தது சில நிமிடங்களில் வேலை செய்யும். டாக்டர் அப்படி எழுதியிருந்தால் ஆஸ்துமாக்காரர்கள் அவசரத்துக்கும் அடிக்கலாம், அவர் சொன்ன எண்ணிக்கைக்குள். சால்மெட்டரால் மெதுவாகத்தான் வேலை செய்யும். திணறலுக்கு அதைத் திரும்பத் திரும்ப அடித்தால் மூச்சு வராது, கை நடுக்கமும் படபடப்பும்தான் வரும்.

இனி வருவது மருந்தாளுநருக்கு மட்டுமே கண்ணில் படக்கூடியது. கண் பிரஷருக்கு டிமோலால் சொட்டு மருந்து வாங்குகிறவரும் பம்ப் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். கண்ணில் விடுகிற அந்தச் சொட்டு, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். கண் டாக்டரிடம் ஆஸ்துமா பற்றிச் சொல்ல வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்? படர்தாமரைக்கென்று சீட்டில்லாமல் கைமாறுகிற இட்ராகோனசோலும் அப்படித்தான். பம்பில் உள்ள ஸ்டீராய்டை ஈரல் உடைப்பதை அது தடுத்துவிடும். மைக்ரோகிராம் கணக்கென்று நான் மேலே சொன்ன பாதுகாப்பு அப்போது செல்லாது.

சி.ஓ.பி.டி. உள்ளவர் காய்ச்சல், மஞ்சள் சளி என்று வந்து நின்றால் ஒரு ஆன்டிபயாட்டிக் ஸ்ட்ரிப் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். 2007-இல் வந்த டார்ச் ஆய்வில், ஆறாயிரத்துச் சொச்சம் சி.ஓ.பி.டி. நோயாளிகளை மூன்று வருடம் பார்த்தார்கள். அம்மா எடுக்கிற இதே கூட்டு மருந்தை எடுத்தவர்களுக்கு நிமோனியா வர வாய்ப்பு 19.6 சதவீதம், மருந்தில்லாத போலி இன்ஹேலர் எடுத்தவர்களுக்கு 12.3 சதவீதம். நோய் திடீர் திடீரென்று முற்றுவது கூட்டு மருந்தால் குறைந்தது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆகவே பம்பை நிறுத்தச் சொல்லாதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூட்டம் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். தெரியும், சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் கடையில் காலூன்ற இடமிருக்காது. எல்லாருக்கும் எல்லாம் சொல்ல வேண்டாம். முதன்முறை பம்ப் வாங்குகிறவர், கருவி மாறுகிறவர், வயதானவர், இந்த மூன்று பேருக்கு இரண்டிரண்டு நிமிடம் போதும். சங்கங்கள் மருந்தில்லாத பயிற்சிப் பம்ப் ஒன்றைக் கடைக்கு ஒன்றாக வாங்கி வைக்கச் செய்யலாம். “இது விழுங்குவதற்கு அல்ல” என்று தமிழில் அச்சடித்த ஸ்டிக்கர் ஒரு கட்டு ரோட்டாகேப் அலமாரி பக்கத்தில் இருந்தால், செலவு ஒரு டீக்காசுகூட ஆகாது.

இப்போது அம்மா வேறு கடையில் வாங்குகிறார். அங்கே கவுன்ட்டரில் இருக்கிற அக்கா முதல் நாளே ஸ்பேசரை மாட்டி அடித்துக் காட்டச் சொன்னாராம். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே அடித்துக் காட்டியிருக்கிறார். “மூச்சை இன்னும் கொஞ்சம் புடிங்கம்மா, ஏழுலயே விட்டுட்டீங்க” என்று திருத்தி, பெட்டி மேல் மார்க்கரால் தேதி போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெட்டி இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல், காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா இப்போது பத்துவரை சத்தமில்லாமல் விரல் விட்டு எண்ணுகிறார்.

இப்படிக்கு,
இட்லிக்கடை அம்மாவின் மகன்