உன் விசிட்டிங் கார்டு விஷயமாக

சிவகாசி,
ஆவணி 6

அன்புள்ள முருகேசா,

நீ அனுப்பிய கடைப் படமும் கார்டு டிசைனும் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று வருத்தப்படாதே. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியானதிலிருந்து இங்கே எல்லா அச்சகத்திலும் ஓட்டம்தான், ராத்திரி பத்து மணிக்கு முன்னால் நான் வீட்டுக்குப் போனதே இல்லை. இதற்கு நடுவில் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தோம். இப்போது நன்றாகத் தெரிகிறது, காலையில் பேப்பரை அவரே படிக்கிறார், உன் கடைப் படத்தைக் காட்டினேன், "நம்ம முருகேசன் கடையா" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மகள் பிளஸ் டூ. அவள் படிக்கிறாளோ இல்லையோ, அவள் அம்மா தூங்குவதில்லை.

இருபது வருஷம் கோவையில் பம்ப் கம்பெனி வேலை பார்த்துவிட்டு நீ உடுமலைக்கே திரும்பிச் சொந்தமாகக் கடை போட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. ஹாஸ்டலில் எல்லாருடைய டேபிள் ஃபேனையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாயே, அந்த ஞாபகம்தான் வந்தது.

சரி, கார்டுக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முருகேசா, அந்த டிசைன் வேண்டாம். யாரோ வேலை தெரிந்த பையன்தான் செய்திருக்கிறான், கறுப்புப் பின்னணியில் தங்க நிறக் கோடும் மின்னல் படமும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை யார், எங்கே, எந்த நேரத்தில் பார்க்கப்போகிறார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. நீ அதை யோசித்துப் பார். சித்திரை வெயில், தக்காளி நாற்று நட்டு எட்டு நாள், திடீரென்று போர் மோட்டார் எரிந்துவிட்டது. விவசாயி மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கும் நாலைந்து கார்டுகளை எடுக்கிறார். உன்னிடம் அதை வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும், உன் முகம் அவருக்கு ஞாபகமில்லை, கையில் ஈரம், கண்ணாடி வீட்டில். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நாம் இந்தக் கார்டை அடிக்கிறோம். கொடுக்கும்போது அழகாக இருப்பது இரண்டாம் பட்சம்.

அப்படிப் பார்த்தால் இப்போதைய கார்டில் அவருக்கு என்ன கிடைக்கிறது? இங்கிலீஷில் பெரிதாகக் கடைப் பெயர், அதற்குப் பின்னால் 'என்டர்பிரைசஸ்', கீழே 'டோட்டல் பவர் சொல்யூஷன்ஸ்' என்று ஒரு வரி. நீ எரிந்த மோட்டாருக்குப் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் என்பது எங்குமே இல்லை! இன்வெர்ட்டர் விற்கிறவர் என்றும் நினைக்கலாம், பட்டாசுக் கடை என்றும் நினைக்கலாம். உன் ஊரில் ஜனங்கள் எப்படிச் சொல்வார்கள் என்று உனக்கே தெரியும், 'காயில் கட்டுறது', 'போர் மோட்டார் தூக்கி இறக்குறது'. அதையே தமிழில், கடைப் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தில் போடுவோம். சப்மெர்சிபிள், மோனோபிளாக் மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தரப்படும், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர், பேனல் போர்டு ரிப்பேர் என்று இன்னொரு வரி வேண்டுமானால் சின்னதாகச் சேர்க்கலாம். வீட்டு மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் பார்ப்பாய் என்றாலும் இதில் வேண்டாம், அதற்குக் கடைப் பலகை இருக்கிறது.

தமிழ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கொஞ்சம் ஆற்றாமை உண்டு. அந்தப் பையன் பின்பக்கம் ஒரே ஒரு வரி தமிழில் வைத்திருக்கிறான், அதில் 'மோட்டார்' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து தப்பான இடத்தில் நிற்கிறது. நீ கவனித்தாயா? எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்ததைத் தமிழுக்குச் சரியாகப் பழகாத பழைய சாஃப்ட்வேரில் ஒட்டினால் இப்படித்தான் கொம்பும் காலும் சிதறும். அதனால்தான் எங்கள் தொழிலில் இன்னும் பலர் பழைய எழுத்துருக்களிலேயே வேலை செய்கிறார்கள். தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளை அறிவித்தது, பாமினி என்று இன்னொன்று இருக்கிறது, ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் ஒரு சொல்லும் வாசிக்க வராது. சாஃப்ட்வேர் புதிதாக இருந்து அதில் இந்திய மொழிகளுக்கான வசதியையும் ஆன் செய்துவிட்டால் யூனிகோடே போதும். முக்த மலர், ஹிந்த் மதுரை மாதிரி இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன, தடிமனும் ஐந்தாறு வகை கிடைக்கும். ஒரு கொம்பு இடம் மாறியதற்காக யாரும் உன்னை விட்டுப் போய்விட மாட்டார்கள்தான். ஆனாலும் தன் தொழிலின் பெயரையே தப்பாக அச்சடித்துக் கொடுக்கிற கார்டு உன் கையிலிருந்து போவதை என்னால் பார்க்க முடியாது.

எழுத்து அளவும் பார். இங்கிலீஷில் 7 பாயிண்ட்டில் படிக்க முடிவதைத் தமிழில் படிக்க முடியாது, ணகரமும் ஞகரமும் உள்ளே அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். தமிழில் 9-க்குக் கீழே இறங்க வேண்டாம். அதுவும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் மோசம். நாலு கலர் மை ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது ஒரு மயிரிழை விலகினாலும் மெல்லிய கோடுகள் மூடிப்போகும். வெள்ளைப் பின்னணி, எழுத்துக்குத் தனிக் கறுப்பு மை ஒன்று மட்டும், அதுதான் மோட்டார் ரூமின் மங்கலான பல்பு வெளிச்சத்திலும் தெரியும்.

நம்பரைத்தான் கார்டிலேயே பெரிதாகப் போட வேண்டும். பத்து இலக்கத்தையும் சேர்த்து எழுதாமல் ஐந்து, ஐந்தாகப் பிரித்துவிடு, நாம் வாயால் சொல்லும்போதும் அப்படித்தானே சொல்கிறோம். மூன்று நம்பர் கொடுத்திருக்கிறாய், எதற்குக் கூப்பிடுவது என்று அவர் திகைக்க வேண்டாம், ஒன்று போதும். தங்கச்சி நம்பரையும் போட்டே ஆக வேண்டும் என்றால் 'கடை', 'வீடு' என்று பக்கத்தில் எழுதிவிடலாம். இமெயில் தேவையில்லை. அச்சுக்குப் போகும் முன்னால் நான் அனுப்பும் ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சைப் பார்த்து, அதில் இருக்கும் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தி நீயே கூப்பிட்டுப் பார். ஞாபகத்திலிருந்து அடிக்காதே. நான்கு வருஷம் முன்னால் ஒரு தையல் கடைக்கார அம்மாவுக்கு அடித்த கார்டில் இரண்டு இலக்கம் இடம் மாறிப்போனது. ப்ரூஃபை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார், இரண்டு பேர் கண்ணும் தெரிந்த எண் என்று தாண்டிப் போய்விட்டது. இரண்டு வாரம் ஊரெல்லாம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஆயிரம் கார்டை மறுபடி அடித்துக் கொடுத்தோம், ஆனால் ஏற்கெனவே கைமாறிப் போனதை எப்படித் திரும்ப வாங்குவது? இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

இப்போது பின்பக்கம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை, நீ சம்மதிக்க வேண்டும். பின்பக்கம் வெறுமையாக விடாமல், இங்கிலீஷில் அதையே திரும்ப அடிக்காமல், நாலு கோடு போடுவோம்: எத்தனை ஹெச்.பி., எத்தனை அடி ஆழம், காயில் கட்டிய தேதி, அடுத்து ஒன்றும் எழுதாத கோடு. மோட்டாரை இறக்கிக் கொடுத்துவிட்டு வரும்போது நீயே பேனாவால் எழுதி அவர் கையில் கொடு. அப்புறம் அது அந்த மோட்டாரின் ஜாதகம் மாதிரி, அவர் தூக்கிப் போட மாட்டார். அடுத்த முறை கூப்பிடும்போது, 'ஏழரை ஹெச்.பி., எண்ணூறு அடி, போன கார்த்திகையில் கட்டினது' என்று அவரே படித்துச் சொல்வார், நீயும் என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தெரிந்து கிளம்பலாம்.

இதற்காகத்தான் காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பக்கம் லேமினேஷன் கட்டாயம், ஈரமும் கிரீஸும் படுகிற இடம். ஆனால் பளபளப்பு லேமினேஷன்மேல் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், எழுதியதும் விரலில் ஒட்டி அழியும். அதனால் பின்பக்கம் லேமினேஷனும் வேண்டாம், வழவழவென்ற ஆர்ட் கார்டும் வேண்டாம், பின்பக்கம் பூச்சு இல்லாத அட்டையாகப் பார்த்து எடுக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் அட்டை வெயிலில் லேசாக வளையும், அது உண்மைதான். 350 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை எடுத்தால் வளைவு குறையும். நீ கேட்ட வெல்வெட், தங்க ஃபாயில், சில இடத்தில் மட்டும் பளபளப்புப் பூசும் ஸ்பாட் யூவி எல்லாம் நாங்கள் செய்கிறோம், நகைக் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அது சரி, உனக்கு அந்தக் காசை அட்டையில் போடுவது நல்லது. முன்பக்க ஓரத்தில் ஒரு துளைக்கு இடம் விட்டு வடிவமைக்கிறேன், ஆணியில் மாட்டிக்கொள்வார்கள்.

கியூஆர் கோடு வேண்டும் என்றாய். 1994-இல் ஜப்பானில் டென்சோ என்ற கம்பெனி கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க உண்டாக்கியது அது, இப்போது இளநீர்க் கடை வரை வந்துவிட்டது. வைக்கலாம், ஆனால் உன் பெயர், விலாசம், நம்பர், இமெயில் எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் கட்டங்கள் பொடிப்பொடியாகி, சாதாரண போன் கேமரா பிடிக்கத் திணறும். கடைக்கு வழி காட்டும் சின்ன லிங்க் ஒன்று போதும், உன் கடை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் அது உண்மையிலேயே பயன்படும். இரண்டு சென்டிமீட்டர் சதுரம், சுற்றிலும் நாலு கட்ட அளவு வெள்ளை இடம். இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லும் சில சைட்டுகள் கொஞ்ச நாள் கழித்துப் பணம் கேட்டு லிங்க்கை நிறுத்திவிடும், அதனால் நானே நேராகச் செய்து தருகிறேன். பணம் வாங்கும் கியூஆரைக் கடை மேஜையில் ஒட்டு, கார்டில் வேண்டாம்.

மின்னல் படத்துக்குப் பதிலாக ஒரே நிறத்தில் மோட்டார் படம், வெறும் கோட்டோவியம். எங்கள் ஊரில் அச்சுத் தொழில் தழைத்ததே தீப்பெட்டி, பட்டாசு லேபிளால்தான். அந்தத் துக்கடா காகிதத்தில் ஒரு மானோ மாடோ இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லியே கேட்டு வாங்கிப் போவார். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பழைய லேபிள்களைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றை வரைந்தவர்களை நினைத்து எனக்கு மரியாதைதான் வருகிறது. உன் மோட்டார் படமும் அப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அளவு வழக்கம்போல் மூன்றரைக்கு இரண்டு அங்குலம். நிறம் மட்டும் போனில் பார்க்கிற மாதிரி வராது, திரையில் தெரிகிற பளீர்ப் பச்சை அச்சு மையில் கிடைக்காது, அதிலும் ஒரே ஷீட்டில் பல பேர் கார்டைச் சேர்த்து ஓட்டும்போது கொஞ்சம் ஏறி இறங்கும். முதலில் 100 கார்டு டிஜிட்டலில் எடுத்து அனுப்புகிறேன். பத்துத் தோட்டத்தில் கொடுத்து, அவர்கள் எப்படிப் பிடித்துப் படிக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்று நின்று பார். ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிட்டு பெரிய ஆஃப்செட் மெஷினில் 1000 ஓட்டலாம்.

மேலே குலசாமி பெயர் இருக்கட்டும், உன் அப்பா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார். சாமி படம் மட்டும் வேண்டாமே, கார்டு கீழே விழும், மிதிபடும், எனக்கு மனசு வரவில்லை.

கடைப் பெயரைத் தமிழில் நீ எப்படி எழுதுவாய் என்று ஒரு தாளில் உன் கையெழுத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பு, எந்த இடத்தில் எந்த எழுத்து வரும் என்று நானாக முடிவு செய்ய வேண்டாம். இந்த வாரத்துக்குள் அனுப்பினால் ஆயுத பூஜைக்கு முன்னால் பார்சல் உன் கைக்கு வந்துவிடும். பூஜைக்குக் கடைக்கு வருகிறவர்களுக்குப் பொரி, சுண்டலோடு ஒரு கார்டும் கொடுக்கலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். காசு விஷயம் பேசினாய் என்றால் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
செல்வம்