எந்த உதவித்தொகை உண்டு என்று சேரும் முன்னேயே எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து நம்ம பக்கம் பஸ் ஸ்டாண்டு தூண், டீக்கடைச் சுவர், ஆட்டோ முதுகு என்று ஒரு இடம் பாக்கி இல்லாமல் காலேஜ் விளம்பரம்தான். டிகிரி சேருகிற பிள்ளைக்கு வழி சொல்ல ஆள் இருக்கிறது, பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பேர் சும்மா வரவில்லை. நான் எழுதுவது அதற்கு வெளியே நிற்கிற பிள்ளைகளைப் பற்றி. ஆறு மாத சர்டிபிகேட், ஒரு வருட டிப்ளமோ, சமுதாயக் கல்லூரி (காலேஜ் போக முடியாதவர்களுக்குத் தொழில் கற்றுத் தருகிற இடம்) இந்த மாதிரி இடங்களில் சேருகிறவர்கள். முக்கூடலில் கம்ப்யூட்டர் சென்டரோடு இ-சேவை மையமும் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் என் மேஜை வழியாகப் போவதால் யாருக்குப் பணம் ஏறுகிறது, யாருக்கு ஏறவில்லை என்பது கொஞ்சம் தெரியும்.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. பக்கத்து ஊரில் ஒரு இடத்தில் சுகாதார உதவியாளர் டிப்ளமோ, ஒரு வருடப் படிப்பு, சேர்த்துவிட்டார். சேர்க்கும்போது "மாசாமாசம் கவர்மெண்டு ஆயிரம் ரூவா போடும், அதை வச்சே பீஸை அடைச்சிரலாம்" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வருடம் பாதி போயும் ஒரு ரூபாய் வரவில்லை. "அண்ணாச்சி, பிள்ளை படிச்சது கவர்மெண்டு ஸ்கூல்தானே, பிறகு ஏன் வரமாட்டேங்கு?" என்று என்னிடம் கேட்கிறார். ஆதார் சரி, வங்கிக் கணக்கு சரி, பெயரில் எழுத்துப் பிழை கூட இல்லை. சிக்கல் படிப்பில்.

புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை மேலே படித்தால் படிப்பு முடிகிற வரை மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. அந்த வருடக் கடைசியில் தூத்துக்குடியில் வைத்து, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மனசு வராது. டிகிரிக்கு மட்டுமில்லை, டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் கூட உண்டு. ஆனால் தொலைதூரக் கல்விக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புக்கும் கிடையாது. சமுதாயக் கல்லூரி என்ற பேரில் வெளியே நடக்கிற டிப்ளமோக்களில் நிறையவற்றுக்குச் சான்றிதழ் கொடுப்பது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான். பிள்ளை என்னவோ தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய் வகுப்பில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு நின்று, சாயங்காலம்தான் வீடு திரும்புகிறது. காகிதத்தில் மட்டும் அது திறந்தநிலை. யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2013ல் கொண்டுவந்த திட்டப்படி ஒரு கல்லூரிக்குள்ளேயே நடக்கிற சமுதாயக் கல்லூரிப் படிப்பு வேறு, இது வேறு. வெளியே தொங்குகிற போர்டில் இரண்டுக்கும் ஒரே பேர். பீடி சுற்றுகிற அம்மா எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

இதே தெருவில் இன்னொரு வீட்டுப் பையன் பேட்டை அரசு ஐடிஐயில் சேர்ந்தான். கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய், அதோடு தமிழ்ப் புதல்வன் 1,000, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை. அவனுக்குக் கிடைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சேருகிறவர்களிடம் முதலில் ஐடிஐயைப் பாருங்கள் என்றுதான் நானே சொல்கிறேன். ஆனால் இரண்டு வீட்டிலும் வருமானம் ஒன்று, இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளி, இரண்டு பேரும் கைத்தொழில்தான் படிக்கிறார்கள். ஒருவனுக்கு மாதம் 1,750 வருகிறது, இன்னொருத்தி கையிலிருந்து பீஸ் கட்டுகிறாள்.

அதுவும் சமுதாயக் கல்லூரி என்பதே யாருக்காக வந்தது? 1995ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் முதலாவது தொடங்கியது, அடுத்த வருடம் சென்னையில் கிறிஸ்தவ மறைமாவட்டம் ஒன்று தொடங்கியது, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. காலேஜ் பக்கமே போக முடியாதவர், படிப்பைப் பாதியில் விட்டவர், கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகு ஒரு வேலை வேண்டும் என்று நினைக்கிற பெண், இவர்களுக்காக. யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவர்களை ஒரு இடத்தில் கூட்டிவைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் உதவிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் எப்படி?

சமுதாயக் கல்லூரி என்ற யோசனை வந்த இடம் அமெரிக்கா. அங்கே ஜோலியட் என்ற ஊரில் 1901ல் தொடங்கிய கம்யூனிட்டி காலேஜ் இன்னும் நடக்கிறது. அங்கே பெல் கிராண்ட் என்று ஒரு மத்திய அரசு உதவி, திருப்பிக் கட்ட வேண்டாத பணம், 2024-25ல் அதிகபட்சம் 7,395 டாலர். ஒரே ஒரு விண்ணப்பம் போட்டால் போதும். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு என்று முடிவாகும், பெரிய பல்கலைக்கழகம் ஆனாலும் ஊர்ப்புறத்துக் கம்யூனிட்டி காலேஜ் ஆனாலும் பணம் பிள்ளையின் பின்னாலேயே போகும். அவர்களும் ஒன்றும் முழு உத்தமர்கள் இல்லை. 15 வாரத்துக்குக் குறைந்த படிப்புக்குப் பொதுவாகக் கிடையாது என்றுதான் வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2025ல் சட்டத்தைத் திருத்தி, 2026 ஜூலை முதல் 8 வாரப் படிப்புக்கும் உண்டு என்றார்கள். அதில் எனக்குப் பிடித்தது நிபந்தனைதான். சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் படிப்பை முடித்திருக்க வேண்டும், 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் படிப்புக்குப் பணம் இல்லை. பிடி நிறுவனத்தின் மேல் இருக்கிறது, பிள்ளையின் மேல் இல்லை. இங்கே போலிகள் நுழைந்துவிடும் என்று அதிகாரிகள் பயந்தால் அது நியாயமான பயம்தான், அதற்கு இப்படி ஒரு வழியும் இருக்கிறது.

சரி, ஆயிரம் ரூபாயை விடுங்கள். நம்ம பக்கம் மேலப்பாளையம், முக்கூடல், கடையம், ஆழ்வார்குறிச்சி என்று பீடித் தொழிலாளி வீடு எத்தனை! மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அவர்கள் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. ஐடிஐ, பாலிடெக்னிக், கலைக் கல்லூரிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிய வேண்டும். பதியும்போது கல்வி நிறுவனத்தைப் பட்டியலில் தேடி எடுக்க வேண்டும், நிறுவனத்தின் பெயர் அங்கே இல்லையென்றால் அதோடு நின்றது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கக் கொடுக்கிற போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையும் (பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்) இப்படித்தான், அங்கீகாரம் உள்ள படிப்பாக இருக்க வேண்டும். இது தெரியாமல் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்று வாங்கி, அப்புறம் ஆதாரை எந்த வங்கிக் கணக்கோடு இணைத்திருக்கிறது என்று தேடி அலைந்து (சிம் வாங்கும்போது யாரோ திறந்துவிட்ட கணக்கில் போய் நிற்கும் பணம், அது தனிக் கதை), கடைசியில் நிறுவனத்தின் பெயரே இல்லை என்று என் திரையில் வரும்போது சொல்ல நாக்கு எழவில்லை.

கடன் வாங்கலாமே என்பார்கள். திறன் பயிற்சிக் கடன் என்று ஒன்று 2015லிருந்து இருக்கிறது, அப்போது 5,000 முதல் 1.5 லட்சம் வரை, 2024ல் உச்சவரம்பை 7.5 லட்சமாக உயர்த்தினார்கள். நான் அனுப்பிய பையனிடம் ஒரு வங்கிக் கிளையில் அப்படி ஒரு கடனே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்கு (தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசு வைத்திருக்கிற தர வரிசை) உட்பட்ட படிப்பா என்று கேட்டிருந்தாலாவது அவனுக்கு ஒரு விவரம் கிடைத்திருக்கும்.

பணத்தைவிட என்னை உறுத்துவது நர்சிங் படிப்பு என்று தொங்குகிற விளம்பரப் போர்டுகள். ஏஎன்எம் 2 வருடம், ஜிஎன்எம் 3 வருடம், பிஎஸ்சி நர்சிங் 4 வருடம், இதில் ஒன்றை முறைப்படி முடித்தால்தான் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பதிய முடியும், பதிந்தால்தான் நர்ஸ். ஒரு வருட சுகாதார உதவியாளர் படிப்பு கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பக்கத்து ஆஸ்பத்திரிகளில் உதவியாளர் வேலை கிடைக்கத்தான் செய்கிறது, வயதானவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேடுகிறார்கள். ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்ட போட்டோவைக் காட்டி, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஆகலாம் என்று தோன்றும்படி சேர்ப்பது ஏமாற்று. உதவியாளர் வேலை என்று நேராகச் சொன்னாலும் சேருகிறவர்கள் சேருவார்கள். கம்ப்யூட்டர் படிப்பும் அப்படித்தான். தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்துகிற ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுச் சான்றிதழுக்கு டைப்பிஸ்ட் வேலையில் மதிப்பு உண்டு, தனியார் அச்சடித்துத் தருகிற தங்க எழுத்துச் சான்றிதழுக்கு அந்த மதிப்பு கிடையாது. எழுத்து மட்டும் பளபளக்கும்.

அரசிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வருகைப் பதிவோடு நேரில் வகுப்பு நடக்கிற சமுதாயக் கல்லூரி டிப்ளமோவை, சான்றிதழ் கொடுப்பது திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆனாலும், இந்த ஆயிரம் ரூபாய்த் திட்டங்களில் சேருங்கள். அது வரும்வரை, அட்மிஷன் பாரத்தின் முதல் பக்கத்திலேயே மூன்று விவரத்தை எழுதி நிறுவனம் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஒரு உத்தரவு போடலாம்: சான்றிதழ் யார் கொடுப்பது, எந்தெந்த உதவித்தொகைக்கு இந்தப் படிப்பு தகுதி, எந்த அரசு வேலைக்கு இது செல்லும் அல்லது செல்லாது. கங்கைகொண்டானில் சோலார் கம்பெனிகள் வந்திருக்கின்றன, ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன, குறுகிய காலத் தொழிற்படிப்புக்கு இந்த மாவட்டத்தில் இடம் இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் இந்தப் படிப்புகளை மூடுங்கள் என்று எழுதாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடைசியாக உங்களிடமும் ஒன்று. ஜூன் மாதம் உங்கள் நெல்லைப் பதிப்பில் இந்த விளம்பரங்கள் வரிசையாக வரும். "அரசு உதவித்தொகை உண்டு" என்று போடுகிறவர்களிடம், எந்தத் திட்டம், சான்றிதழ் கொடுப்பது யார் என்று விளம்பரத்துக்குள்ளேயே போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் அந்த விளம்பரத்தை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் வாசகர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.