ஆண்டறிக்கை: ஒரே நடிகரோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நமது திரைப்படக் கழகம் இந்த ஆண்டு சுவிட்சர்லாந்து நடிகர் புரூனோ கான்ஸின் படங்களைத் திரையிட்டது. "அந்த ஹிட்லரா?" என்று பலரும் கேட்டீர்கள். 'டவுன்ஃபால்' (2004) ஹிட்லரேதான். அவர் கத்தும் காட்சிக்கு ஆளாளுக்குக் கிண்டல் சப்டைட்டில் போட்டுப் பரப்பிவிட்டதால், அந்தப் படத்தைக் கடைசிக்குத் தள்ளினோம்.

1941இல் சூரிச்சில் பிறந்தவர். அப்பா சுவிஸ், அம்மா இத்தாலியர். 1970 வாக்கில் நாடக இயக்குநர் பீட்டர் ஸ்டெயினோடு சேர்ந்து மேற்கு பெர்லினில் ஷௌபியூனே நாடகக் குழுவை வளர்த்தவர்களில் ஒருவர்.

'விங்ஸ் ஆஃப் டிசையர்' (1987) படத்துக்கு நல்ல கூட்டம். ஆனால் அதிகம் ரசிக்கப்பட்டது இத்தாலியப் படமான 'பிரெட் அண்ட் டுலிப்ஸ்' (2000). வெனிஸ் உணவகத்தில் வேலை பார்க்கும் ஐஸ்லாந்துக்காரர் வேடம். பேசுவதோ ஏட்டு இத்தாலிய மொழி. நம் ஊர் மெஸ்ஸில் ஒருவர் "தாங்கள் அருந்த விழைவது யாதோ?" என்று கேட்பதுபோல. இத்தாலியரே தங்கள் டேவிட் டி டொனாடெல்லோ திரைப்பட விருதைக் கொடுத்துவிட்டார்கள்.

'இடர்னிட்டி அண்ட் எ டே' (1998) முடிந்ததும் வாக்குவாதம். அது கிரேக்கப் படம்; அதில் அவருக்கு ஒலிக்கும் குரல் வேறொருவருடையது. குரலை எடுத்துவிட்டால் பாதி நடிகர்தானே மிச்சம் என்றனர் சிலர். கடற்கரையில் ஓவர்கோட்டோடு அவர் நடக்கும் நடையே எனக்குப் போதுமானதாக இருந்தது. 'டவுன்ஃபால்' பார்த்தபோது எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருப்பதாகப் பட்டது. 1942இல் ஃபின்லாந்தில் ஹிட்லர் சாதாரணமாக உரையாடியது இரகசியமாகப் பதிவாகியிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கத்தாத ஹிட்லரின் குரலை இவர் பிடித்தார். இணையம் எடுத்துக்கொண்டதோ கத்தலை மட்டும்.

2000இல் ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தின் இரு பாகங்களையும் வெட்டாமல் ஸ்டெயின் மேடையேற்றினார். இடைவேளைகளோடு 20 மணி நேரத்துக்கு மேல். முதிய ஃபவுஸ்ட் இவர். அதன் பதிவைத் திரையிடக் கோரி ஓர் உறுப்பினர் கடிதம் கொடுத்தார். மண்டபத்தை இரவு 9 மணிக்குப் பூட்டிவிடுவதால் கோரிக்கை கைவிடப்பட்டது.

ஜெர்மன் மொழி மேடையின் ஆகப் பெரிய கௌரவம் இஃப்லாண்ட் மோதிரம். அணிந்திருப்பவர் தமக்குப் பின் யாருக்கு என்று எழுதிவைக்க வேண்டும். 1996இல் நடிகர் யோசஃப் மைன்ராடிடமிருந்து கான்ஸுக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் கான்ஸ் மறைந்தபின், அவர் எழுதிவைத்தபடி நடிகர் யென்ஸ் ஹார்சருக்குப் போனது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரைத் தவிர்க்க வேண்டாம். என் பதவிக்காலமும் இன்றோடு முடிகிறது. வாரிசை எழுதிவைக்கும் வழக்கம் நம் சட்டவிதிகளில் இல்லை; ஆகவே செயலாளர் தேர்தல் தேநீருக்குப் பிறகு.

இப்படிக்கு,
செயலாளர்