அந்த முப்பது எலி

அன்புள்ள மல்லி,

எப்படி இருக்க? அண்ணனுக்கு சுகர் இப்ப எவ்வளவு காட்டுது? இங்க எல்லாரும் சௌக்கியம், சுதாவோட ரெண்டாவதுக்கும் பேர் வச்சாச்சு, ஃபோட்டோ தனியா வாட்ஸ்அப்ல அனுப்புறேன். ஃபோன்ல சொல்ல ஆரம்பிச்சா நீ பாதில உன் மாமியார் கதைக்குத் தாவிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், முழுசா படிடீ.

ரிட்டையர் ஆனப்புறம் இங்க ஒரு ஃபார்மசி காலேஜ்ல விலங்கு பரிசோதனை கமிட்டில என்னையும் போட்டிருக்காங்கன்னு சொன்னேன்ல? சயின்ஸ் சம்பந்தப்படாத ஆள் ஒருத்தர் கண்டிப்பா இருக்கணும்ங்கறது ரூல். எலி, முயல் எதை வச்சு பரிசோதனை பண்ணணும்னாலும் ஃபார்ம் பி எழுதிக் குடுக்கணும், கமிட்டி ஓகே பண்ணாதான் ஆரம்பிக்க முடியும். இதுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது யாரு தெரியுமா, கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி! 1952ல ராஜ்யசபாவுக்குப் போனவங்க விலங்கு வதைக்கு எதிரா தனி ஆளா மசோதா கொண்டு வந்தாங்க, அதைத் தொட்டுத்தான் 1960 சட்டமே வந்துச்சு. நீ அலாரிப்பு ஆடி பெஞ்சை உடைச்ச காலத்துல நமக்கு இதெல்லாம் யாரும் சொல்லலையே.

விஷயத்துக்கு வர்றேன். போன மீட்டிங்ல ஒரு எம்.ஃபார்ம் பொண்ணு, ஆவாரம்பூ சாறு சுகரைக் குறைக்குதான்னு பாக்கப் போறேன்னு எழுதிக் குடுத்திருந்துச்சு. 30 விஸ்டார் எலி, அதாவது லேப்புக்குன்னே வளக்கற வெள்ளை எலி, குரூப்புக்கு 6. ஸ்ட்ரெப்டோசோடோசின்னு ஒரு மருந்தை ஊசில ஏத்தி கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லை அழிச்சுருவாங்க, எலிக்கு சுகர் வந்துரும். அப்புறம் 28 நாள், நுனில குண்டு வச்ச வளைஞ்ச ஊசியை தினமும் வாய் வழியா வயித்துக்கு இறக்கி சாறு குடுக்கணும். கடைசில எல்லாத்தையும் கொன்னு கணையத்தை வெட்டி ஸ்லைடு போடணும். அவ்வளவுதான் திட்டம்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அனிமல் ஹவுஸைப் பாக்கணும்னு கேட்டேன். வேற ஒரு பேட்ச் ஓடிக்கிட்டிருந்துச்சு. வெள்ளை எலி மேல அடையாளத்துக்கு பிக்ரிக் ஆசிட்ல மஞ்சப் பொட்டு, ஒரு எலிக்கு தலைல, ஒரு எலிக்கு முதுகுல, இன்னொண்ணுக்கு வாலடில. சுகர் வந்த எலிங்க கூண்டுல உமி சொதசொதன்னு ஈரம், அதுங்க பாட்டில் வாயை விடவே இல்ல, குடிக்குது, ஒண்ணுக்குப் போகுது, மறுபடி குடிக்குது. கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி அண்ணன் ராத்திரியெல்லாம் செம்பு செம்பா தண்ணி குடிச்சாருன்னு அழுதியே, அதேதான் மல்லி. வித்தியாசம் என்னன்னா இதுங்களுக்கு நாம வர வச்சிருக்கோம்.

நான் ஒண்ணும் எதுலயுமே விலங்கைத் தொடக்கூடாதுன்னு சொல்ற ஆளில்ல. 1921ல டொராண்டோல நாய்ங்களோட கணையத்தை எடுத்துத்தான் இன்சுலினைக் கண்டுபிடிச்சாங்க, அடுத்த ஜனவரில 14 வயசுப் பையனுக்கு அதை முதல்ல போட்டாங்க, இன்னைக்கு அண்ணன் நம்ம கூட இருக்காரு. உன் தம்பிக்கு நாய் கடிச்சப்ப தொப்புளைச் சுத்தி போட்டாங்களே 14 ஊசி, அது ஆட்டு மூளைல செஞ்ச மருந்து, நம்ம குன்னூர்லயும் தயாரிச்சதுதான். ஆடு செத்துச்சு, அவன் பொழைச்சான், அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா 2004ஓட அதை நிறுத்திட்டாங்க பாரு, இப்ப லேப்ல வளக்கற செல்லுல செய்றாங்க. வேற வழி இருக்கான்னு யாரோ விடாம தேடினதாலதானே அது நடந்துச்சு.

ஆவாரம்பூல யாரு தேடினா? இதே பூ, இதே ஊசி, இதே எலி, 2002லயே அண்ணாமலை யூனிவர்சிட்டில பண்ணி பேப்பரா வந்திருக்கு. இதுல புதுசா என்னம்மா பாக்கப் போறன்னு கேட்டேன், அனிமல் ஸ்டடி இருந்தாதான் தீசிஸுக்கு வெயிட்னு சார் சொன்னாரு மேடம்னுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சுடீ. விலங்கில்லாம முடியுமா, எண்ணிக்கையைக் குறைக்கலாமா, வலியைக் குறைக்கலாமா, இந்த மூணையும் கேளுங்கன்னு ரஸ்ஸல், பர்ச்னு ரெண்டு இங்கிலாந்து விஞ்ஞானிங்க 1959லயே புத்தகமா எழுதி வச்சிட்டாங்க. ஃபார்ம்லயும் அந்தக் கேள்வி இருக்கு, மாற்று வழி இல்லைன்னு ஒத்த வரி எழுதிருந்துச்சு, முந்துன வருஷ ஃபைலைப் புரட்டினா அதே வரி, எழுத்து மாறாம. ஒரு உயிர் போறதுக்கு யாருக்காவது ஒரு பதிலாவது கிடைக்கணும்ல, இங்க கேள்வியே பழசு. அந்த தீசிஸ் பைண்டிங் பண்ணி பீரோவுக்குள்ள போயிரும், எலி குப்பைக்குப் போயிரும்.

நான் ஒத்துக்கல. தலைவருக்கு முகமே சரியில்ல, மத்தவங்க வாட்ச்சைப் பாத்தாங்க, அடுத்த மீட்டிங்குக்கு தள்ளி வச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு வெளிய வராண்டால நின்னு அழுதுச்சு. அப்பா கைத்தறி நெசவு, வீட்லயே முதல் பட்டதாரி, தேதி தள்ளிப்போனா இன்னொரு செமஸ்டர் ஃபீஸ் கட்டணும்னு பயம். எலிக்காகப் பேசப்போய் இந்தப் புள்ளையைத் தவிக்க விட்டா அது நியாயமே இல்ல, நாலு நாளா இதே ஓட்டம் மண்டைக்குள்ள.

அதனால உன் மாப்பிள்ளைகிட்ட கேக்கணும், அவருதான் செல் கல்ச்சர் லேப்ல இருக்காரே. மாவுச்சத்தைக் குடல்ல சர்க்கரையா உடைக்கற ஆல்ஃபா குளுகோசிடேஸ்னு ஒரு என்சைம் இருக்காம், ஆவாரம்பூ சாறு அதைத் தடுக்குதான்னு டெஸ்ட் ட்யூப்லயே பாக்கலாமாமே. அதையும் செல் வேலையையும் சேத்து ஒரு எம்.ஃபார்ம் தீசிஸுக்குப் போதுமான மாதிரி ஒரு பக்கம் எழுதித் தர முடியுமான்னு கேளு, செலவு எவ்வளவு ஆகும்னும் கேளு. நான் அந்தப் பொண்ணையும் அவங்க சாரையும் உக்கார வச்சுப் பேசுறேன். மீட்டிங் இருபதாம் தேதி, அதுக்குள்ள வேணும், மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாத.

உன்
விஜயா