முற்றவெளியில் ஆள் பிரித்ததுபோல

ஸ்காபரோ, கனடா
2026 தை 24

அன்புள்ள சிவா,

பொங்கலுக்கு முதல்நாள் உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்கு மருத்துவபீடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. வாசலில் பனி அள்ளுகிற வேலையை மட்டும் மகன் என் கையில் தருவதில்லை.

கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் பத்து நாளாகப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐஸ் ஹொக்கியில் ரொறொன்ரோவை விடக் காசுள்ள ஊர் இல்லை என்று நானே உனக்கு எழுதியிருந்தேன். அப்படியானால் 1967-க்குப் பிறகு ஏன் எங்கள் அணிக்கு ஒரு ஸ்டான்லி கிண்ணம், அதாவது வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் வெற்றிக் கிண்ணம், கூட இல்லை என்று கேட்டிருக்கிறாய். அதோடு, சம்பளத்துக்கு உச்சவரம்பு போடுவதே முதலாளிமார் தொழிலாளியை அமுக்குகிற வேலை என்றும் எழுதியிருக்கிறாய். முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவன் நீ, வேறு எப்படி எழுதுவாய்? இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2004 செப்டெம்பரில் அணி முதலாளிகள் கதவைப் பூட்டினார்கள். ஒரு பருவம் முழுக்க ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. அந்த வருடம் கிண்ணம் யாருக்கும் இல்லை. 1919-இல் பெரும் காய்ச்சல் பரவி இறுதிப் போட்டி இடையில் நின்றதற்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான். 2005 கோடையில் வீரர்கள் ஒப்புக்கொண்டு திரும்பியபோது, கையில் இருந்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் 24 வீதம் வெட்டு விழுந்தது. ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடியது மொத்தம் 39 மில்லியன் டொலர் என்றும், 21.5 மில்லியனுக்குக் கீழே போகவும் கூடாது என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பூட்டுக்கு முதல் 70 மில்லியனுக்கு மேல் கொடுத்த அணிகளும் இருந்தன, அதில் மூன்றில் ஒரு பங்கில் காலம் தள்ளிய அணிகளும் இருந்தன.

நமக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் முற்றவெளியில் ஆள் பிரித்தது உனக்கு நினைவிருக்கும். இரண்டு கப்டன்மார் எதிரெதிரே நின்று, மாறி மாறி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். நன்றாக அடிக்கிறவன், வேகமாகப் போடுகிறவன் எல்லாரும் ஒரு பக்கம் போய்விட்டால் மற்றவர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நமக்கே தெரியும். யாரும் சொல்லித் தந்த சட்டம் இல்லை அது. இந்த உச்சவரம்பை நான் விளங்கிக்கொண்டது அந்த நினைவை வைத்துத்தான்.

ஆனால் அது வேலை செய்ததா? இதைத்தான் நான் கனகாலமாக மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறேன். 1995-இலிருந்து 2003 வரை ஒன்பது கிண்ணங்கள், வென்றவை நான்கே அணிகள்: நியூ ஜேர்சி, கொலராடோ, டெட்ரோயிட், டலஸ். உச்சவரம்பு வந்தபின் 2006-இலிருந்து 2025 வரை இருபது கிண்ணங்கள், பதின்மூன்று அணிகள். இந்தக் கணக்கைக் காட்டி, பார், சமநிலை வந்துவிட்டது என்று நான் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குள்ளேயே 2010-இலிருந்து 2017 வரை எட்டு வருடங்களைப் பிரித்தெடுத்தால், அங்கேயும் சிக்காகோ, பொஸ்டன், லொஸ் ஏஞ்சலஸ், பிட்ஸ்பர்க் என்று நான்கே பெயர். பழைய காலத்திலும் காசு கொட்டியவன் எல்லாம் வெல்லவில்லை. நியூயோர்க் ரேஞ்சர்ஸ் மலைமலையாகச் செலவழித்தும் பூட்டுக்கு முந்திய ஏழு பருவங்கள் பிளேஓஃப், அதாவது பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள், பக்கமே வரவில்லை.

அதனால் உச்சவரம்பு எல்லாரையும் சமமாக்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது செய்தது வேறொன்று. வென்ற அணியைச் சேர்ந்திருக்க விடாமல் செய்தது. 2010-இல் சிக்காகோ கிண்ணத்தைத் தூக்கிய அதே கோடையில் பஃப்ளின், லாட், வெர்ஸ்டீக் என்று ஒவ்வொருவராகக் கொடுத்துத் தள்ளவேண்டி வந்தது. இறுதிப் போட்டியில் கோலைக் காத்த நியேமியையும் விட்டார்கள். காசில்லாமல் இல்லை, உச்சவரம்புக்குள் இடம் இல்லாமல். அப்படியிருந்தும் அவர்கள் 2013-இலும் 2015-இலும் திரும்ப வென்றார்கள் என்றால், இளவயதில் மலிவான ஒப்பந்தத்தில் கிடைத்த இரண்டு மூன்று பேரை விடாமல் பிடித்துவைத்து, சுற்றியிருந்த மற்றவர்களைத் திரும்பத் திரும்பப் புதிதாகக் கட்டியதால்தான். பிட்ஸ்பர்க்கில் சிட்னி குரொஸ்பி 2008-இலிருந்து இன்றுவரை ஒரே கணக்கில் ஆடுகிறார், வருடத்துக்கு 8.7 மில்லியன். உச்சவரம்பு 56.7 மில்லியனிலிருந்து இந்தப் பருவம் 95.5 மில்லியனுக்கு ஏறிவிட்டது. அவர் தன் கணக்கை ஏற்றவே இல்லை.

இந்த இடத்தில் உன் தொழிற்சங்கக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. இப்போது லீக்கின் வருமானத்தில் பாதி வீரர்களுக்கு என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பாதி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆகவே ஒரு பெரிய வீரர் தன் பங்கில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் அது முதலாளியின் பைக்குப் போவதில்லை, பக்கத்தில் ஆடுகிறவனுக்குப் போகிறது. போன ஐப்பசியில் எட்மன்டனின் கொனர் மக்டேவிட் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார், பழைய 12.5 மில்லியனுக்கே. அதற்கு ஒரு கிழமைக்கு முதல்தான் மினசோட்டாவில் கப்ரீசொவ் 17 மில்லியன் பேசி முடித்திருந்தார். இன்றைக்கு உலகத்திலேயே முதல் ஆள் மக்டேவிட். 2024-இலும் 2025-இலும் இறுதிப் போட்டியில் தோற்றவர். அவர் அப்படிக் கையெழுத்துப் போட்ட செய்தியை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

சரி, ரொறொன்ரோவுக்கு வருகிறேன்.

எங்கள் அணி 2018-இலும் 2019-இலுமாக நான்கு பேருக்கு ஏறக்குறைய 40 மில்லியன் எழுதிக்கொடுத்தது. தவாரஸ், மத்தியூஸ், மார்னர், நைலண்டர். 2019-இல் தொடங்கிய பருவத்தில் உச்சவரம்பு 81.5 மில்லியன், அதாவது பாதி நான்கு பேருக்கு. உச்சவரம்பு வருடா வருடம் ஏறும், பிறகு மற்றவர்களுக்கு இடம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். கோவிட் வந்தது, அரங்குகள் வெறிச்சோடின, 81.5 மூன்று பருவங்களுக்கு அசையாமல் நின்றது. மீதிப் பாதியில் பின்வரிசையும் கோல் காப்பவரையும் பிடிக்கவேண்டும். வழமையான 82 ஆட்டங்களில் நான்கு பேர் போதும். 2022-இல் 115 புள்ளி எடுத்தோம், அணியின் நூறு வருடச் சரித்திரத்தில் அதுதான் கூட. பிளேஓஃப் வேறு உலகம். ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரை. எதிரி உன் நான்கு பேரையும் நோட்டுப் போட்டுப் படித்துவிடுவான். நடுவர்களும் சின்னச் சின்ன இழுபறிக்கெல்லாம் விசில் ஊதுவதில்லை. அப்போது மூன்றாம் நான்காம் வரிசையில் நிற்கிறவன்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறான். அவனுக்குக் கொடுக்க எங்களிடம் காசு இருந்தது, இடம் இருக்கவில்லை.

2018, 2019, 2021, 2022, 2024, 2025. இத்தனை வருடங்களும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம், சிவா. 2021-இல் மொன்றியலோடு மூன்றுக்கு ஒன்று முன்னால் நின்று தோற்றோம். போன வைகாசி 18, ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்கள் பேஸ்மென்டில் மூன்று குடும்பம் கூடியிருந்தது. புளோரிடா எங்கள் சொந்த அரங்கில் வைத்தே எங்களை ஆறுக்கு ஒன்று அடித்தது. மகன் எழும்பி மேலே போனவன் அடுத்தநாள் காலைவரை ஒருவரோடும் பேசவில்லை. அந்தக் கோடையில் மார்னர் நெவாடாவிலுள்ள லாஸ் வேகஸ் அணிக்குப் போய்விட்டார். மார்கம் ஊர்ப் பிள்ளை அவர், எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். தவாரஸ் 11 மில்லியனை விட்டு, வருடத்துக்கு 4.38 மில்லியனுக்குத் திரும்பக் கையெழுத்துப் போட்டு எங்களோடே நின்றுவிட்டார். அவருக்காக நான் எந்த நாளும் கைதட்டுவேன்.

வேகஸ் என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். உச்சவரம்பு வரிக்கு முந்திய தொகையைத்தான் எண்ணுகிறது. ஒன்ராறியோவில் இவ்வளவு சம்பளம் எடுப்பவரின் மேல்மட்ட வருமானத்தில் பாதிக்கு மேல் வரியாகப் போகும். புளோரிடாவிலும் டெக்சாஸிலும் நெவாடாவிலும் மாநில வருமான வரியே இல்லை. அதே பத்து மில்லியன் அங்கே பெரிய பத்து மில்லியன். 2020-இலிருந்து 2025 வரை ஆறு கிண்ணங்களில் ஐந்து டம்பா பே, வேகஸ், புளோரிடா என்று அந்த ஊர்களுக்கே போயின. அதற்கு வரி மட்டும் காரணம் இல்லை. அந்த அணிகளை நடத்துகிறவர்கள் மிகவும் கெட்டிக்காரர்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே தராசு என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்கமுடியவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. நீண்டகாலக் காயப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒருவர் காயப்பட்டுப் பல வாரம் ஆடமுடியாவிட்டால், அவருடைய சம்பள அளவுக்கு அணி மேலே செலவழித்து வேறு ஆள் எடுக்கலாம். நியாயமான விதிதான். ஆனால் உச்சவரம்பு வழமையான பருவத்துக்கு மட்டுமே இருந்தது, பிளேஓஃபில் இருக்கவில்லை. 2021-இல் டம்பா பேயின் குச்செரொவ் இடுப்புச் சத்திரசிகிச்சை செய்து பருவம் முழுக்க வெளியே இருந்தார். பிளேஓஃபின் முதல் ஆட்டத்தில் வந்து இறங்கினார், கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து 32 புள்ளி எடுத்து எல்லாருக்கும் மேலே நின்றார். அந்த அணி உச்சவரம்புக்கு ஏறக்குறைய 18 மில்லியன் மேலே நின்றுதான் கிண்ணத்தை வென்றது. இறுதியில் தோற்றது மொன்றியல். 1993-க்குப் பிறகு கனடாவுக்கு வராத கிண்ணத்துக்கு அவ்வளவு கிட்டப் போன அணி. 2025-இல் புளோரிடாவின் டகச்சக்கும் மாசியில் காயப்பட்டு, பிளேஓஃபில் தன் அணியின் முதல் ஆட்டத்தில் வந்து இரண்டு கோல் போட்டார். இடையில் அந்த இடத்தை வைத்து அவர்கள் வேறு ஆட்களைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். இவர்களுடைய காயம் பொய் என்று நான் சொல்லவில்லை, டகச்சக் பிறகு சத்திரசிகிச்சையே செய்யவேண்டி வந்தது. ஆனால் ஆள் பிரிக்கும்போது இல்லாத பெரியண்ணன், கடைசி ஓவரில் வந்து மட்டையைப் பிடித்தால் நாம் விட்டிருப்போமா?

இந்தப் பருவத்திலிருந்து அது மாறுகிறது. பிளேஓஃபில் ஓர் ஆட்டத்துக்கு இறங்குகிற இருபது பேரின் கணக்கும் உச்சவரம்புக்குள் நிற்கவேண்டும். போன கோடையில் வீரர் சங்கமும் சேர்ந்தே இதற்கு ஒப்புக்கொண்டது. வாசித்தபோது உன்னைத்தான் நினைத்தேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒரு ஆளை மறக்கமுடியாது. 2019-இல் டம்பா பே 62 ஆட்டம் வென்று வந்தது. கொலம்பஸ் நாலுக்குப் பூச்சியம் என்று வீட்டுக்கு அனுப்பியது. 2023-இல் பொஸ்டன் 65 வென்று, 135 புள்ளியோடு வந்தது, இந்த லீக்கில் அதற்கு முதல் ஒருவரும் எடுக்காத கணக்கு. முதல் சுற்றிலேயே புளோரிடாவிடம் தோற்றது. கொலம்பஸ் கோலைக் காத்தவரும், புளோரிடா ஒன்றுக்கு மூன்று பின்னால் நின்றபோது கோலைக் காத்தவரும் ஒரே ஆள், பொப்ரொவ்ஸ்கி. 2023-இலும் 2025-இலும் எங்களையும் அவர்தான் மறித்தார். பக், அந்தச் சின்ன றப்பர் தட்டு, எங்கே படும், எங்கே தெறிக்கும் என்பதை ஒரு டொலர் கணக்கும் தீர்மானிப்பதில்லை. ஹொக்கி பிளேஓஃபில் எட்டாவது அணி முதல் அணியை வெல்கிறது என்றால், அதில் பெரும்பங்கு அந்த விளையாட்டின் சுபாவம். உச்சவரம்பு அதற்கு ஒரு கை கொடுக்கிறது. என் கணிப்பு அவ்வளவுதான்.

பணத்தால் கிண்ணத்தை வாங்கியிருக்கக்கூடிய ஊரில் இருந்துகொண்டும், வாங்க விடாத விதியை நான் விரும்புகிறேன். வின்னிபெக்கும் எட்மன்டனும் எங்கள் அணியோடு ஒரே கணக்கில் ஆடவேண்டும். 1996-இல் வின்னிபெக் தன் அணியை அரிசோனாவுக்குத் தொலைத்துவிட்டு, 2011 வரை இந்த லீக்கில் அணி இல்லாமல் இருந்த ஊர்.

சித்திரையில் பிளேஓஃப் தொடங்கும். உன் பக்கம் அது விடியற்காலை. மகள் கம்பஸுக்குப் போக முதல், ஓர் ஆட்டமாவது அவளையும் கூட்டிவைத்துப் பார். அம்மாவுக்கு நல்லெண்ணெயும் முருங்கைக்காய் வற்றலும் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார், ஆராவது வரும்போது கொடுத்துவிடு. உன் மட்டையில் நான் சுற்றிவிட்ட சைக்கிள் ரியூப் இன்னும் இருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் அன்புடன்,
மோகன்