எட்டுக் கிலோ மாவுக்கு எந்த மிஷின்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு பேக்கரிகள் பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், ‘இயந்திரங்களுக்கு மாறும் மனநிலை இவர்களிடம் இன்னும் வரவில்லை’ என்று ஒரு வரி இருந்தது. செல்லூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக பன்னும் ரஸ்க்கும் போட்டு வரும் என் மனநிலையை மதுரைக்கே அறிவித்த கட்டுரையாளருக்கு நன்றி.

மனநிலை வந்துதான், ஆறு ஆண்டுகளுக்கு முன் வீட்டு நகையை அடகு வைத்து மாவு பிசையும் மிஷின் வாங்கினேன். அது ஒரே ஈட்டில் ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ மைதா பிசையும். எனக்கு வேண்டியதோ எட்டுக் கிலோ. அவ்வளவு குறைவாகப் போட்டால் கொக்கிக்குப் பிடிபடாமல் மாவு அண்டாவின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு சுற்றும். கூட்டிப் போட்டாலோ, பாதி பன் உருட்டுவதற்குள் மீதி மாவு சித்திரை வெயிலில் பொங்கிப் புளித்துவிடும். கன்ட்ரோல் போர்டு எரிந்தபோது மாற்று போர்டு வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று மாதமும் மாஸ்டரும் நானும் அப்பா காலத்து மரத்தொட்டியில் கையால்தான் பிசைந்தோம்.

பிறகு பட்டறைக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, வாசலையும் தொட்டியையும் அளந்துபோய், வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்து, பத்துக் கிலோ பிசையும் மிஷின் செய்து தந்தார். பெல்ட் அறுந்தால் தெருமுனையில் வாங்கி நானே மாட்டிக்கொள்கிறேன். பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீத மானியம் அறிவிக்கப்பட்டது தாங்கள் அறியாததல்ல. அதை நம்பி இரண்டாவது மிஷினுக்கு விண்ணப்பிக்கப் போனால், ‘பட்டறை கொட்டேஷன் செல்லாது’ என்று ஓர் அலுவலகத்தில் நிற்க வைத்தே அனுப்பிவிட்டார்கள். இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கும் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரும் இப்படிப்பட்ட பட்டறையில் பிறந்ததுதான்; கண்ணாடி மாளிகையிலிருந்து வந்ததல்ல.

இதையெல்லாம் முன்பே எழுதினேன். இரண்டு வரியாகச் சுருக்கி வெளியிட்டீர்கள். இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அதே பக்கத்தில், என் கடையைவிடப் பெரிய ரோட்டரி ஓவன் ஒன்றின் வண்ணப்படத்துக்கு இடம் இருந்தது.

இனி மிஷின் கண்காட்சிச் செய்தி போடும்போது, படத்துக்குக் கீழே குறைந்தது எத்தனை கிலோ போட்டால் ஓடும், மும்முனை மின்சாரம் வேண்டுமா, உதிரிபாகம் மதுரையில் கிடைக்குமா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேக்கரி உரிமையாளர் ஒருவர்,
செல்லூர், மதுரை.