கதிரைத் திட்டாதே

அன்புள்ள சேகர்,

பதில் போட இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. மணி போன வாரம் வந்து உன் சைக்கிள் கதையை மறுபடி ஆரம்பித்துவிட்டான். நீ நேரில் வந்து அடக்கினால்தான் உண்டு.

சரி, கதிர் விஷயம். பையனுக்கு மன உறுதியே இல்லை, போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அவனைத் திட்டாதேடா.

அவன் கட்டைவிரலைக் கொஞ்சம் கவனித்துப் பார். திரையைக் கீழே இழுக்கிறான், சின்ன வட்டம் சுற்றுகிறது, பிறகு புதிதாக ஏதாவது வருகிறது. சில நேரம் ஒன்றுமே வராது. அந்த 'வருமா வராதா'தான் பிடித்து வைக்கிறது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைத்தான் சோதித்தார். எத்தனை கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால், தீனியை நிறுத்திய பிறகும் புறா வெகுநேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரம் ஓடுவதும் இதே கணக்கில்தான்.

முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியில் 'அடுத்தது' என்று இருக்கும், ஞாபகமிருக்கிறதா? அங்கே கை நிற்கும், போதுமா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை வடிவமைத்தார். அந்த நொடி போய்விட்டது. பின்னாளில் அவரே அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவர் ஷான் பார்க்கரும் 2017-இல் வெளிப்படையாகவே பேசினார்: மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகமாக எடுத்துக்கொள்ளலாம் என்று யோசித்துத்தான் கட்டினோம், மனித மனதின் பலவீனத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்தினோம் என்று. இவ்வளவு படித்தவர்கள் கூடி உட்கார்ந்து செய்ததை எட்டாம் வகுப்புப் பையன் தனியாக ஜெயிக்க வேண்டும் என்றால் எப்படி? எனக்குக் கோபம் அவன்மேல் வரவில்லை, அவர்கள்மேல்தான் வருகிறது.

போனைப் பிடுங்காதே. அவனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டிபிகேஷன்களை அணை. ஆள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கட்டும். வீடியோ தானாக அடுத்ததற்கு ஓடுவதையும் நிறுத்து. ராத்திரி எல்லோருடைய போனும் கூடத்திலேயே சார்ஜ் ஆகட்டும், உன்னுடையதும் சேர்த்துத்தான்.

அப்புறம், பொங்கல் லீவுக்கு அவனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. புறா சமாச்சாரத்தை நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. ராஜியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பாலு